பீனிக்ஸ் நெடுவால் கோழியைத் தேர்ந்து பெருக்கும் முறை

ஜப்பானின் கோச்சிப் பகுதிக்குரிய ஒனகதோரி சேவல்களின் வழியில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பீனிக்ஸ் இனத்தை மதிப்பிடும்போது, வாலை அளப்பதற்கு முன்பாக ஒற்றைக் கொண்டையும் வெண்ணிறக் காதுமடலும் அமைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காதுமடல் முழுவதும் சிவந்த பறவையை, வால் எவ்வளவு நீண்டிருந்தாலும், நான் இணைசேர்க்க எடுப்பதில்லை.

சேவலா பெட்டையா என்பதைக் கொண்டையை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது ஏமாற்றத்தில் முடியலாம். ஏறக்குறைய மூன்று மாதக் குஞ்சைக் கையில் பிடித்து, வாலுக்குச் சற்று முன்னால் இடுப்பில் முளைக்கும் இறகுகளை விரலால் விரித்துப் பாருங்கள்: நுனி கூர்ந்து, ஒடுங்கி, பளபளப்பாக இருந்தால் சேவல், நுனி உருண்டிருந்தால் பெட்டை.

வால் நீளம் தாய்வழியாகவும் வருவதால், பெட்டையைத் தேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெடுவால் சேவலின் உடன்பிறந்த பெட்டைகளுள், வாலை மூடும் இறகுகள் நீண்டு வளைந்தவற்றை வைத்துக்கொள்ளலாம். ஒனகதோரியின் வால் இறகுகள் ஆண்டுதோறும் உதிராமல் வளர்பவை. பீனிக்ஸில் அப்பண்பு குறைவு என்பதால், இறகு உதிர்காலத்தில் எந்தச் சேவல் வாலைக் காத்துக்கொள்கிறது என்று குறித்துவையுங்கள்.

இணைசேரும்போது வால் இறகு ஒடியும். ஆகவே காட்சிச் சேவலை உயரமான தாங்குகட்டையில் தனியே வளர்த்து, அதன் சகோதரனைப் பெட்டைகளோடு விடுவதே நல்லது.