முல்லைத்தீவில் செலவு குறைவுதான், ஆனால்…

அரசாங்க வேலையில் முதல் நியமனம் முல்லைத்தீவுக்கு என்று கடிதம் வந்தால் வீட்டில் இரண்டு பேச்சுக் கேட்கும். ஒன்று, "அவ்வளவு தூரமோ?" மற்றது, "பரவாயில்லை, அங்க செலவு குறைவு, கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்." இரண்டாவது பேச்சு பொய்யில்லை. கடலும் களப்பும் வயலும் அருகருகே கிடக்கிற இடம். ஆனால் இங்கே மலிவு பருவத்தோடு வரும், பருவத்தோடு போகும். அதைப் பிடிக்கத் தெரியாமல் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாழ்ந்தபடியே இங்கும் வாழ நினைப்பவர்களுக்குத்தான் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்.

அந்தத் தவறு பெரும்பாலும் வீடு பார்க்கிற அன்றே தொடங்கிவிடுகிறது. வாடகையைக் கேட்பார்கள், அறைகளை எண்ணுவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அதுவும் தை மாதத்தில். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் நிரம்பித்தான் இருக்கும், தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கும். கரையோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. மழைக்கு அது தடிக்கும், கோடைக்கு மெலியும். ஆனி, ஆடியில் நாலு வீட்டுக்காரர் மோட்டர் போட்டு இறைக்கத் தொடங்கினால் கீழிருந்து உவர் ஏறிவிடும். தேத்தண்ணி கரிக்கும், சவர்க்காரம் நுரைக்காது. அதற்குப் பிறகு குடிக்கக் கான் தண்ணீர், சில இடங்களில் குளிக்கக்கூட பவுசர். வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் தண்ணீருக்குப் போகும்.

ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அவர் என்ன சொல்லுவார் என்று தெரிந்ததுதானே. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: "அன்ரி, ஆடி மாசம் இந்தப் பக்கக் கிணத்துத் தண்ணி குடிப்பியளோ?" அப்படியே அவர்களுடைய கேத்திலின் உட்புறத்தையும் பார்க்க முடிந்தால் நல்லது. வெள்ளையாகப் படை கட்டியிருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்று தெரியும். உவரா என்பதைக் குடித்துத்தான் பார்க்க வேண்டும். கரையை விட்டுச் சில கிலோமீற்றர் உள்ளே, முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கமும் பார்க்கலாம். அங்கே வாடகை சற்றுக் கூடினாலும் தண்ணீர்ச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது கூரை. போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களில் கட்டிய சிறிய வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. இந்திய வீட்டுத்திட்டத்து வீடு என்றால் சுமார் 550 சதுர அடி. இப்படியான சிறிய வீட்டுக்குச் சீற் போட்டிருந்தால் சித்திரை வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது. உடனே தவணை முறையில் ஒரு ஏ.சி. வாங்குகிறார்கள். மின்கட்டணத்தின் சூட்சுமம் பிறகுதான் தெரியவரும். 30 நாளைக்கு 60 அலகுக்குள் நின்றால் ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் ஏறும். கூடிய அந்த ஓரிரு அலகுக்கு மட்டுந்தான் காசு கூடும் என்று நினைப்பது பலரும் விடுகிற பிழை. சீற்றுக்கு மேலே கிடுகு பரப்பி, ஒரு மின்விசிறியோடு சமாளிக்கிற ஊர்ச்சனம் விபரம் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. ஏ.சி.யின் வெளிப்பெட்டியை உப்புக்காற்றும் சும்மா விடாது.

இனி மீன். கடற்கரை ஊர், மீன் கொள்ளை மலிவு என்ற நம்பிக்கையோடு வந்து, கார்த்திகையில் விலை கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு. வாடைக்காற்றோடு கடல் குழம்பினால் படகுகள் கரையில் கிடக்கும், விலை எகிறும். கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களிலும் நல்ல மீன் நமக்காகக் காத்திருப்பதில்லை. காலையில் கரைவலை இழுத்து மடியை அவிழ்த்ததும் குவியலைச் சுற்றி யாவாரிமார் நிற்பார்கள். பாரை, விளைமீன், பெரிய இறால் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போய்க் கொழும்பு லொறியில் ஏறும். அந்த மீனை நீங்களும் கேட்டால் கொழும்புக்காரரோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். இங்கே மலிவு என்பது சூடையும் சாளையும் காரலும்தான். முள்ளுக்குப் பயந்து அவற்றைத் தொடாதவர்கள் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. ஒரு சொதி வைத்துப் பாருங்கள், பிறகு விளைமீனை அவ்வளவாகத் தேடமாட்டீர்கள்.

கருவாட்டையும் அப்படித்தான் வாங்க வேண்டும். வெயிலும் மீனும் சேர்ந்திருக்கிற மாதங்களில் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் போனால் மீனவர் தங்கித் தொழில் செய்கிற வாடிகளிலேயே வாங்கலாம். நன்றாகக் காய்ந்ததைப் பார்த்து எடுத்து, காற்றுப் போகாமல் கட்டி வைத்தால் மாரிக்கு உதவும். மார்கழியில் கடையில் போய்க் கேட்பது வீண்செலவு.

அரிசிக்கும் இதே கதை. முத்தையன்கட்டுக் குளமும் தண்ணிமுறிப்புக் குளமும் பாயும் வயல்கள் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கிழமைக்கு ஐந்து கிலோ பை வாங்குகிறோம். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் தெரிந்த கமக்காரரிடம் மூடையாக நெல் எடுத்து, அவித்துக் காயவைத்து, மில்லில் குத்தி வைத்தால் மாதக்கணக்கில் கவலையில்லை. நூறு கிலோ நெல்லுக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி கிடைக்கும், தவிடு கோழிக்கு ஆகும். ஒன்றில் மட்டும் கவனம். வெட்டுமெசினில் இருந்து அப்படியே கொட்டிய ஈர நெல்லை வாங்காதீர்கள். தராசில் ஏறுவது தண்ணீர், காசு கொடுப்பது நீங்கள். போதாததற்கு மூடைக்குள் சூடேறிப் பழுதாகியும் விடும்.

கரட், லீக்ஸ், கோவா மலைநாட்டில் இருந்து தம்புள்ளை வழியாக வருகிறது, அதனால் மலிவை எதிர்பார்க்க வேண்டாம். முருங்கை, பூசணி, பயிற்றை, வல்லாரை போதும். காஸ் விலை செய்தியில் சொல்வது கொழும்பு விலை, இங்கே ஏற்றுக்கூலியும் சேரும். விறகு கிடைக்கிற இடத்தில் சோற்றை அதில் போடுகிறவர்களுக்குச் சிலிண்டர் நெடுநாள் நிற்கும்.

ஆனால் அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்தை உண்மையில் விழுங்குவது சாப்பாடு இல்லை, வெள்ளிக்கிழமை. முல்லைத்தீவுக்கு ரெயின் இல்லை. மாங்குளம் ஸ்ரேசனுக்கே சுமார் 50 கிலோமீற்றர், பரந்தன் பக்கமாகப் போனாலும் ஏறத்தாழ அதே தூரம். ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்கு ஓடுகிறவருக்குப் பஸ் காசு, வழியில் கடைச்சாப்பாடு, போனதால் அழுகிப்போன மரக்கறி, ஞாயிறு பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோ. இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று மாற்றிப் பாருங்கள், மாதக் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் லீசிங்கில் மோட்டர் சைக்கிள் எடுக்கிறார்கள். மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். "முழுக்கக் கட்டி முடிக்கேக்க மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கைக்காசுக்குப் பழைய மோட்டர் சைக்கிள் ஒன்று அகப்பட்டால் அதுவே மேல். ஆனால் கரையோரம் ஓடிய சைக்கிள் என்றால் பெயின்றின் மினுக்கத்தைப் பார்க்காமல், குனிந்து சைலன்சரின் அடியையும் ரிம்மின் கம்பிகளையும் தடவிப் பாருங்கள். உப்புக்காற்றின் துரு அங்கே தெரியும்.