புரோ நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து இல்லையா?

"அண்ணாச்சி, மெட்ராசுக்கு அனுப்பச் சொல்லுங்க, குட்டு உடைஞ்சிரும்." புரோ நோட்டு (கடனுக்கு எழுதித் தரும் உறுதிச் சீட்டு) கேசில் சம்மன் வந்தவர்கள் எங்கள் ஆபீசில் சொல்வது இதுதான்; நோட்டில் உள்ள கையெழுத்தைக் கையெழுத்து நிபுணர் பார்க்க அனுப்ப வேண்டுமாம். திருநெல்வேலியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நான் திருப்பிக் கேட்பது: எதோடு ஒப்பிட அனுப்புவது?

அதற்கு முன்னால் எதிருரை, அதாவது வழக்குக்குக் கோர்ட்டில் நீங்கள் கொடுக்கும் எழுத்துப் பதில். 'கடன் வாங்கவில்லை' என்று எழுதினால் போதாது. 'நோட்டில் உள்ள கையெழுத்து என்னுடையதல்ல, போலி' என்று நேரடியாக மறுக்க வேண்டும். மழுப்பினால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. தெளிவாக மறுத்துவிட்டால், அது உங்கள் கையெழுத்துதான் என்று நிரூபிப்பது வாதியின் பொறுப்பு. ஆனால் அவர் சும்மாவா இருப்பார்? நோட்டின் வாசகத்தை எழுதியவரையும் சாட்சிகளையும் கூண்டில் ஏற்றுவார்.

சரி, ஒப்பிடும் கையெழுத்துக்கு வருவோம். கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இதில்தான். நோட்டு தேதி 2022 என்றால் அதை ஒட்டிய ஆண்டுகளில், தகராறு வருவதற்கு முன் போட்ட கையெழுத்துகள் வேண்டும். வக்காலத்திலும் (வக்கீலை அமர்த்திக் கொடுக்கும் தாள்) எதிருரையிலும் இருப்பதை நம்பாதீர்கள்; வழக்கு வந்த பிறகு வேண்டுமென்றே மாற்றிப் போட்டது என்பார்கள், கோர்ட்டும் பெரும்பாலும் ஏற்காது. வங்கிக் கணக்குப் படிவம், பணம் எடுத்த சீட்டு, கூட்டுறவுச் சங்க நகைக்கடன் விண்ணப்பம், கிரையப் பத்திரம், எது கிடைத்தாலும் சேருங்கள். ஒன்றிரண்டு போதாது. வங்கியில் பழைய தாள்களைக் காலம் கடந்தால் அழித்துவிடுவார்கள், அதனால் வரவழைக்கும் மனுவைச் சீக்கிரம் போடச் சொல்லுங்கள்.

ஜெராக்சை நீட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பேனா அழுத்தமும் மை தேங்கிய இடமும் ஒரிஜினலில்தான் தெரியும். கோடு ஒரே ஓட்டமாகப் போகிறதா, நடுங்குகிறதா, பாதியில் பேனாவைத் தூக்கி ஒட்டுப் போட்டிருக்கிறதா என்றுதான் நிபுணர் பார்ப்பார். இரண்டு கையெழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இம்மி பிசகாமல் பொருந்தினால் சந்தோஷப்படாதீர்கள், அங்கேதான் சந்தேகம்! எந்த மனிதரும் இரண்டு தடவை அப்படிப் போடுவதில்லை, பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

பதிவான பத்திரம் என்றால் கையெழுத்தோடு மல்லுக்கட்டாமல் நான் முதலில் ரேகையைத்தான் கேட்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவரின் பெருவிரல் ரேகை இருக்கும். கையெழுத்தைப் பழகிப் போடலாம், ரேகையைப் பழக முடியாது.

நிபுணருக்கு அனுப்பும் மனுவுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தில் 45-வது பிரிவு. நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்க 73. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் இவை 39, 72. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய எண்தான். கோர்ட் அனுமதித்தால் ஒரிஜினல்கள் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். வாதம் கேட்கும் கட்டத்தில் இந்த மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தால் இழுத்தடிப்பு என்று தள்ளுபடி ஆகலாம்.

அறிக்கை சாதகமாக வந்தாலும் அது கருத்து மட்டுமே. நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். 'திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை' என்றும் அறிக்கை வரலாம். ஆகவே உங்கள் கையெழுத்தை வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய ஒருவரை, சங்கச் செயலாளரோ கூட வேலை பார்த்தவரோ, சாட்சியாகப் போடுங்கள். புதுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதற்குத்தான். அவருக்கும் சம்மன் பேட்டா (சாட்சி வந்துபோகும் படி) கட்டிவிடுங்கள்.