திரும்பும்போது மட்டும் நின்றுபோன ரோபோ

யாங்கூனில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்த நேரத்தில் பற்றவைப்பு வேலையை முடித்துக்கொண்டு, சோதனையைப் பேட்டரியில்தான் செய்கிறேன்.

நான் கட்டிய இரண்டு சக்கர ரோபோ நேராக நன்றாகவே ஓடியது. சுவரைக் கண்டு பின்வாங்கும் கணத்தில் அப்படியே நின்றுவிடும். நிரலில் பிழை என்றான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோபோவின் மூளையான ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்தேன். நிற்கும்போதெல்லாம் 13ஆம் முனையின் குட்டி விளக்கு படபடவென்று மின்னியது. பலகை புதிதாகத் தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். திசை மாறும் மோட்டார் மின்னோட்டத்தை வாரி இழுக்க, அதே பேட்டரியை நம்பியிருந்த பலகைக்கு மின்னழுத்தம் சரிந்திருக்கிறது.

பலகைக்குத் தனிப் பேட்டரி கொடுத்தேன். மோட்டாருக்கு 7.4 வோல்ட் லித்தியம். பலகையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் சில்லு அதில் ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும். இரண்டு பேட்டரிகளின் கிரவுண்ட் (மைனஸ்) கம்பிகளையும் கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லையேல் பலகையின் கட்டளை மோட்டாருக்கு எட்டாது. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே ‘104’ (அதாவது 0.1 மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டரை, கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவைத்தேன். மின் இரைச்சல் அங்கேயே அடங்கிவிடுகிறது.

இப்போது சுவர் வரை போய் அழகாகத் திரும்புகிறது. ஆனால் துணித்திரை மீயொலியை உறிஞ்சிக்கொள்வதால், அதன் எதிரொலியைக் கொண்டு தடையை அறியும் உணரிக்குத் திரை தெரிவதில்லை. அடுத்து அதைக் கவனிக்க வேண்டும்.