எக்ஸ்எல்லில் குட்டி டிரெய்லர் மாட்டுவதற்கு முன்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். குறுவை நடவு தொடங்கிவிட்டால், "டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு ஒரு டிரெய்லர் அடிச்சுக் குடுங்கண்ணே" என்று யாராவது வந்து நிற்பார்கள். அடித்துக் கொடுப்பேன். ஆனால் எடையைப் பேசி முடிக்காமல் இரும்பை அறுக்க மாட்டேன்.

எக்ஸ்எல் நன்றாகவே இழுக்கும். சிக்கல் நிறுத்துவதில்தான். டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. வண்டியின் இரண்டு டிரம் பிரேக்தான் அத்தனையையும் பிடித்தாக வேண்டும். அதனால் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து வண்டி எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. எக்ஸ்எல் 100 ஏறக்குறைய 90 கிலோ. ஆக மொத்தம் 60. டிரெய்லரே 20 கிலோ என்றால் மிச்சம் 40, அதாவது கொள்முதல் நிலையத்தில் போடுகிற நெல் சிப்பம் ஒன்று.

"ஒரு மூட்டைக்கு எதுக்குண்ணே டிரெய்லர்?" என்பார்கள். மூட்டைக்கு வேண்டாம், அதை வண்டியில் கால் வைக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம். டிரெய்லர் இடத்தை அடைக்கும் சரக்குக்குத்தான்: வைக்கோல், வாழை இலைக்கட்டு, நாற்று. நாற்றைப் பறித்த கையோடு ஏற்றாதீர்கள். வேரில் இருக்கும் சேறும் தண்ணீரும் நாற்றை விடக் கனம். வேரை அலசி, நாற்றுக் கட்டுகளை வரப்பில் வடியவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

சரக்கை அடுக்கும்போது பின்பக்கம் கனக்கவே கூடாது. பின்னால் கனத்தால் டிரெய்லர் வால் ஆட்டி, வண்டியின் பின் சக்கரத்தையும் சேர்த்து ஆட்டும். சுமையில் பத்தில் ஒரு பங்கு இணைப்பின் மேல் உட்கார வேண்டும். ஏற்றி முடித்ததும் டிரெய்லரை வண்டியோடு சேர்க்கும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பாருங்கள். அரைக்குடம் தண்ணீர் கனம் இருந்தால் சரி.

இனி இணைப்பு. பலரும் கேரியரில் ஒரு கொக்கி வைத்தால் போதும் என்கிறார்கள். கூடாது. பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளு உயரத்தில் வந்தால் பின் சக்கரம் தரையைப் பிடிக்காது. சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் பிராக்கெட் இறக்கி, பின் அச்சு உயரத்தில் இணைப்பை வைக்க வேண்டும். வளைவில் வண்டி சாயும், டிரெய்லர் சாயாது. டிராக்டர் மாதிரி வெறும் இரும்பு ஊசியைச் செருகி மாட்டினால் மதகு ஓரத்தில் டிரெய்லரின் ஒரு சக்கரம் ஏறியதும் வண்டியையே புரட்டிவிடும். நான் எந்தப் பக்கமும் மடங்கிக்கொடுக்கும் பழைய கார் கிராஸ் ஜாயின்ட்டைப் போட்டு, அதற்குப் பின்னால் பைப்புக்குள் பைப் சுழலும்படி செய்கிறேன். உள்பைப் உருவி வராமல் இருக்கத் தடுப்பு கட்டாயம். கூடவே, திரும்புவதற்கு இடம் விட்டு ஒரு சங்கிலி. ஜாயின்ட் விட்டாலும் டிரெய்லர் தனியாக ஓடாது.

ஓட்டும்போது வேகம் இருபதுக்குள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். நம் பக்கம் மலை இல்லைதான், ஆனால் குடமுருட்டி ஆற்றங்கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவு போதும் ஆளைக் கவிழ்க்க. எக்ஸ்எல்லில் கியர் கிடையாது. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்புறம் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. சரிவின் தலையிலேயே நின்று, பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தால் டிரம் ஈரமாக இருக்கும். சமதரையில் பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்தி உலர்த்திய பிறகே சரிவுக்குப் போங்கள். மழையில் நனைந்த களிமண் கரையில் டிரெய்லரே வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். அதனால் பட்டறையில் அடித்த டிரெய்லர் சொந்த வயல், களத்தோடு நிற்கட்டும். பஸ் பறக்கும் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலைக்கு அதைக் கொண்டு போகாதீர்கள்.

காலி டிரெய்லரைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கள்.