ஸ்கீ கிளப் லீக்கில் முதல் பந்தயம்: கேட்டுக்குள் இறங்குபவர்களுக்குப் படிப்படியாக

மினசோட்டா பக்கம் குடிவந்த நம் ஆட்கள் முதல் இரண்டு குளிர்காலம் பிள்ளைகளை ஸ்கீ வகுப்பில் விட்டுவிட்டு லாட்ஜில் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது வருஷம் தாங்களும் பூட்ஸை மாட்டுவார்கள். அதற்கடுத்த வருஷம் அதே நீலச் சரிவில் (நடுத்தரக் கடினமுள்ள சரிவு) ஏறி இறங்கி அலுத்துப்போய், "அடுத்து என்ன பண்றது?" என்று கேட்பார்கள். பந்தயம் ஓடுங்கள் என்பதுதான் என் பதில்: கம்பு நட்டுத் துணிப்பலகை கட்டிய 'கேட்'டுகள் வழியே வளைந்து வளைந்து, கடிகாரத்தோடு போட்டிபோட்டு இறங்குவது. நம் வயசுக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றினால், லீக் நடக்கும் ஒரு ராத்திரி சும்மா போய் வேடிக்கை பாருங்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும்.

இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரிய வேண்டும்; நீலச் சரிவில் நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். அவ்வளவு வந்தவர்களுக்கு மேலே படிக்கலாம். லிப்டில் ஏறுவது, பூட்ஸ் வாங்குவது எல்லாம் இதில் இல்லை.

1. எதில் சேர்வது

அமெரிக்காவில் சாதாரண ஆட்களுக்கு மூன்று வழி. கிளப்போ மலையோ நடத்தும் வாராந்தர லீக், பல மலைகளில் நடக்கும் நாஸ்டார் என்ற பொதுப் பந்தயம், மாஸ்டர்ஸ். மாஸ்டர்ஸ் என்பது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஐந்தைந்து வயது வித்தியாசத்தில் பிரிவு பிரித்து முறைப்படி நடத்துவது. முதல் வருஷம் அது வேண்டாம். லீக்கில் சேருங்கள், மலையில் நாஸ்டார் தடம் போட்டிருந்தால் அதிலும் இறங்குங்கள்.

லீக்குக்கு அணி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வைத்தால் ஆள் குறைகிற அணியில் சேர்த்துவிடுவார். பல லீக்கில் திறமைவாரியாகப் பிரிவு உண்டு. கடைசிப் பிரிவில் முதலாவதாக வருகிறவரும் அணிக்குப் புள்ளி கொண்டுவருவார் என்பதால் புதியவரை யாரும் பாரமாக நினைப்பதில்லை.

மலை சின்னதாக இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். பர்ன்ஸ்வில்லில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற பக் ஹில்லின் உயரம் 300 அடி சொச்சம்தான். ஒலிம்பிக் தங்கம் வென்ற லிண்ட்சி வான் சிறுமியாக எரிக் சைலரிடம் பயிற்சி எடுத்தது அங்கேதான். குட்டி மலை என்றால் லிப்டில் உட்காரும் நேரம் குறைவு, கேட்டுக்குள் இறங்கும் தடவை அதிகம்.

2. ஹேண்டிகேப் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் ஓடினால் முடிவுப் பட்டியலைப் பார்த்து மனசு விட்டுப்போகும்.

நாஸ்டார் 1968-இல் தொடங்கியது. ஸ்கீ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜான் ஃப்ரை உருவாக்கியது. பிரெஞ்சு ஸ்கீ பள்ளிகளில் ஷமுவா என்ற தேர்வு உண்டு. பயிற்சியாளர் ஒருவர் ஓடிக் காட்டும் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பதக்கம் தருவார்கள். அந்த யோசனையையும் கோல்ஃப் ஆட்டத்தின் ஹேண்டிகேப்பையும் அவர் சேர்த்தார்.

ஒவ்வொரு மலையிலும் பேஸ்செட்டர் என்று ஒருவர் இருப்பார். தேசிய அளவிலான பேஸ்செட்டரைவிட அவர் எத்தனை சதவீதம் மெதுவு என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். அது 6 என்று வையுங்கள். இன்றைய தடத்தை அவர் 21.20 விநாடியில் முடிக்கிறார். அதை 1.06ஆல் வகுத்தால் 20.00. பூஜ்ய ஹேண்டிகேப் ஆள் இன்று இங்கே வந்திருந்தால் 20 விநாடியில் இறங்கியிருப்பார் என்று அர்த்தம். இதற்குப் பார் டைம் என்று பெயர். நீங்கள் 27.00 எடுத்தால் 7 விநாடி கூடுதல். 20க்கு 7 என்பது 35 சதவீதம். உங்கள் ஹேண்டிகேப் 35. எண் குறையக் குறைய நல்லது.

பனி இறுகியிருந்தாலும் இளகியிருந்தாலும் பேஸ்செட்டரும் அதே பனியில்தான் ஓடுகிறார். அதனால் மினசோட்டாவில் எடுத்த 35-ஐயும் கொலராடோவில் எடுத்த 33-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பதக்கம் வயதையும் பாலினத்தையும் வைத்துத் தருவதால் ஒரே ஹேண்டிகேப்புக்கு இருபத்தைந்து வயசுக்காரருக்கு ஒன்றும், அறுபது வயசுக்காரருக்கு வேறொன்றும் கிடைக்கும். உங்கள் மகன் வயசுப் பையனின் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 20 விநாடித் தடத்தில் ஒரு விநாடி என்பது 5 புள்ளி. கால் விநாடி என்றால் ஒன்றேகால். இனி எந்த வேலைக்குக் காசும் நேரமும் செலவழிப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

3. என்ன வாங்குவது, என்ன வாங்கக் கூடாது

ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் கூடாது. காதை மூடும் பகுதியும் கெட்டி ஓடாக இருப்பதை வாங்குங்கள். துணி மடல் வைத்தது உல்லாசச் சறுக்கலுக்குப் போதும், கேட்டுக்குப் போதாது.

உலகக் கோப்பைக்காரர்கள் ஜயண்ட் ஸ்லாலத்தில் (கேட்டுகள் அகலமாகத் தள்ளி நிற்கும் பந்தயம்) ஓட்டும் ஸ்கீ வேண்டவே வேண்டாம். அதன் வளைவு ஆரம் 30 மீட்டர். நம் வேகத்தில், நம் குட்டி மலையில் அது வளையாது. நீங்கள்தான் அதை இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். 13 முதல் 18 மீட்டர் ஆரத்தில், பூட்ஸுக்குக் கீழே ஸ்கீயின் அகலம் 70 மில்லிமீட்டருக்குள், நடுத்தர விறைப்புள்ள ரேஸ் கார்வர் ரக ஸ்கீ எதுவானாலும் சரி. ஹெட், அட்டாமிக், ஃபிஷர், ரோசிஞ்யோல் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீசன் முடிவில் கிளப் ஆட்கள் விற்கும் பழைய ஜோடியே நல்ல பேரம்.

உடம்போடு ஒட்டும் ஸ்பீட் சூட் இப்போது வேண்டாம். காற்றில் படபடக்காத இறுக்கமான மேல்சட்டை போதும். ஆனால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஜிப் உள்ள பேன்ட் ஒன்று வாங்குங்கள். மைனஸ் 20 டிகிரியில் வரிசையில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். உங்களுக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது பூட்ஸைக் கழற்றாமலே உருவிவிடலாம்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கின் டின் எண்ணை (எவ்வளவு விசையில் பூட்ஸ் கழன்றுவிடும் என்பதன் அளவு) பந்தயம் என்பதற்காக நீங்களே ஏற்றாதீர்கள். அது கடைக்காரர் வேலை. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம் எல்லாம் பார்த்து வைப்பது.

4. விளிம்பு

புது ஸ்கீக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கை, ஸ்கீயின் இருபுறமும் ஓடும் எஃகு விளிம்பைக் கூர்தீட்டக் கொடுங்கள். ராத்திரி லீக்கின் பனி பெரும்பாலும் இயந்திரம் தூவி, பகலெல்லாம் மிதிபட்டு, சாயங்காலக் குளிரில் இறுகிப்போனது. மொட்டை விளிம்போடு அதில் இறங்கினால் எந்த நுணுக்கமும் உதவாது.

தேவையானவை: பக்கவாட்டு விளிம்புக்கு ஒரு கோணப்பிடி, ஒரு அரம், 200, 400 எண் வைரக்கல். கோணத்தை மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடியைவிட ஒரே கோணத்தில் செய்த உலோகப் பிடி மேல். பிளாஸ்டிக் பிடி அழுத்தினால் நெளிகிறது. 3 டிகிரி வாங்கிவிட்டு வேறெதையும் யோசிக்காதீர்கள். அடிப்பக்க விளிம்பைத் தொட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்தால் போதும்.

முதலில் வைரக்கல்லை ஓட்டுங்கள். கல்லில் உரசிய இடத்தில் எஃகு கெட்டிப்பட்டு முள்முள்ளாக நிற்கும். அதன்மேல் அரத்தை வைத்தால் அரம் போய்விடும். பிறகு விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். முனையிலிருந்து வால் நோக்கி நீளமாக, லேசான அழுத்தத்தில் அரத்தை இழுங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே அரம் படவில்லை. மை முழுக்கப் போனதும் நிறுத்திவிட்டு மறுபடி வைரக்கல். கட்டைவிரல் நகத்தின் முதுகை விளிம்புக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள்: நகத்தூள் வெள்ளையாக உதிர வேண்டும்.

ஸ்கீயின் அடியில் உருக்கித் தேய்க்கும் வேக்ஸ் (மெழுகு) பற்றி இரண்டே வார்த்தை. குளிருக்குப் பச்சை, நீலம். இளகிய பனிக்குச் சிவப்பு, மஞ்சள். கடும் குளிருக்கான வேக்ஸ் ஆறினால் சில்லுசில்லாகத் தெறிக்கும், அதனால் கொஞ்சம் சூடு இருக்கும்போதே சுரண்டிவிடுங்கள். ஃப்ளோரின் கலந்த பழைய வேக்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து தன் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் உருக்கி அந்தப் புகையை இழுப்பதும் நல்லதில்லை.

5. தடத்தைப் பார்ப்பது

பந்தயத்துக்கு முன் தடத்தைப் பார்க்க விடுவார்கள். ஓரமாகப் பக்கவாட்டில் சறுக்கியபடி இறங்க வேண்டும். கேட்டுகளுக்கிடையே ஓட்டிப் பார்த்தால் நீக்கிவிடுவார்கள். எல்லாக் கேட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்று, சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடம், மேட்டுக்குப் பின்னால் மறையும் கேட், கடைசி இரண்டு. இவை போதும்.

6. கிளம்புவது

"ரேசர் ரெடி? கோ!" என்றதும் ஓட்டப்பந்தயம்போலப் பாய்ந்துவிடுவார்கள் புதியவர்கள். தேவையே இல்லை. முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு மெல்லிய கம்பி நிற்கும். உங்கள் கால் அதைத் தள்ளித் திறக்கும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். "கோ" என்பது தடம் காலி, இறங்கலாம் என்ற அனுமதி மட்டும். ஒரு மூச்சு இழுத்துவிட்டே கிளம்பலாம்.

இரண்டு கோலையும் கம்பிக்கு அப்பால் ஊன்றுங்கள். முதலில் நெஞ்சும் தோளும் முன்னே சாயட்டும், கோல்கள் தள்ளட்டும், கால் கடைசியாக வரட்டும். கம்பி திறக்கும்போது உடம்பு ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று தடவை ஸ்கேட்டிங் மாதிரி உந்துங்கள். உடனே குனிந்து உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் கேட் வரை வேகத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், எங்கள் மலையில் அப்படி இல்லையே என்றார். அவர் சொல்வதும் சரி. இரண்டு தடத்தில் ஜோடியாக ஓடும் சில இடங்களில் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும், கடிகாரமும் அதோடு ஓடும். அங்கே பாய்வதுதான் சரி. முதல் ஓட்டத்துக்கு முன் ஸ்டார்ட்டரிடம் "கடிகாரம் கம்பியிலா, கதவிலா?" என்று கேட்டுவிடுங்கள்.

7. கேட்டுக்கு மேலே திரும்புவது

நேரம் கொத்துக் கொத்தாகப் பறிபோவது இங்கேதான்.

கேட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் அதை நோக்கி நேராகப் போகத் தோன்றும். துணிப்பலகையை ஒட்டி வந்ததும் சட்டென்று திருப்பப் பார்ப்பார்கள். அப்போது ஸ்கீ கேட்டுக்குக் கீழே போயிருக்கும். வால் பக்கம் கிறீச்சென்று வழுக்கிப் பனித்தூள் பறக்கும், அடுத்த கேட்டுக்கு மேல்நோக்கி எட்டிப் பிடிக்க வேண்டிவரும், அங்கே இன்னும் தாமதம். நான்காவது கேட்டில் ஆள் தடத்துக்கு வெளியே நிற்பார். பார்க்கிறவர்களுக்குப் பயங்கர வேகமாகத் தெரியும். நேரம் எழுதும் பலகை வேறு சொல்லும்.

திருப்பத்தின் பெரும்பகுதி கேட்டுக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும். துணிப்பலகையைக் கடக்கும்போது ஸ்கீயின் முனை அடுத்த கேட்டின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கேட்டைக் குறிவைக்காமல், அதற்கு மேலே, பக்கவாட்டில் ஒரு ஆள் படுக்கிற தூரம் தள்ளி ஒரு இடத்தைக் குறிவையுங்கள். அங்கே போய், பொறுமையாக வெளிக்காலில் எடையை ஏற்றுங்கள். சுற்றிப் போகிறோமே, தூரம் கூடுகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். கூடட்டும். வழுக்காத ஸ்கீ வேகத்தை விடாது.

இதைப் பழக ஒரு வழி: முதல் மூன்று கேட்டை மட்டும், கூச்சப்படாமல், தேவைக்கு மேல் அகலமாக எடுங்கள். மேலே ஒழுங்கு வந்தால் கீழே தானாக வரும். கண் எப்போதும் ஒரு கேட் முன்னால் இருக்கட்டும். தாண்டிக்கொண்டிருக்கும் கேட்டைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை, அதை இனி மாற்ற முடியாது.

பின்னால் ஓடுகிறவர்களுக்கு முன்னே போனவர்கள் தோண்டிய பள்ளம் இருக்கும். அதைத் தவிர்க்கப் பார்த்து மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதைவிட, முழங்காலைத் தளர்த்தி அதற்குள்ளேயே போவது பத்திரம்.

8. கேட் தவறினால்

இரண்டு ஸ்கீயின் முனையும் இரண்டு பாதமும் கேட்டின் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தவறிவிட்டால் ஓட்டம் செல்லாது. மேலேறி வந்து சரிசெய்யப் பார்க்காமல் உடனே ஓரம் ஒதுங்குங்கள். விழுந்தாலும் அப்படியே; கழன்ற ஸ்கீயைத் தேடும் முன் நீங்கள் தடத்தைவிட்டு வெளியேறுங்கள். அடுத்த ஆள் ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம்.

முடிவுக் கோட்டில் ஒளிக்கதிர் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கும். கையை நீட்டிப் பாய்வதால் ஒன்றும் கிடைக்காது. தாண்டிய பிறகும் நிற்க இடம் பார்த்து வையுங்கள். குட்டி மலைகளில் அந்த இடம் குறுகலாக இருக்கும்; வேலிக்கு அந்தப் பக்கம் பீட்சா தட்டோடு உங்கள் அணியினரே நிற்பார்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை. மேலே கழற்றிய ஜாக்கெட், பேன்ட் கீழே எப்படி வரும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சில மலைகளில் மூட்டையாக இறக்கிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அணியில் கடைசியாக ஓடுகிறவரைத் தவிர மற்றவர்களுடையதை ஒரு முதுகுப்பையில் போட்டு, அன்றைக்கு ஓடாத ஒருவரிடம் கொடுத்து ஓரமாக இறங்கச் சொல்லுங்கள். கடைசி ஆளுக்கு, கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய ஜாக்கெட். ஓடி முடித்து லிப்டில் மேலே போய் அவரே எடுத்துக்கொள்வார்.