சின்ன நாயின் கண் பீளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண் தன் ஷிட்ஸூ குட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கடைக்கு முடி வெட்ட வந்தாள். குட்டியின் இடது கண் பாதி மூடியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாகப் பீளை கட்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "காலையில் சொட்டு மருந்து விட்டுவிட்டேன் அக்கா. வீட்டில் எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கியது, மிச்சம் இருந்தது" என்றாள்.

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு அதே வார்த்தைகளை ஒரு மருத்துவரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

கையைக் கழுவிக்கொள்ள வேண்டும், கண்ணில் சோப்பு படக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

காய்ந்த பீளையைப் பெயர்த்தெடுப்பது

நகத்தால் பெயர்த்தால் பீளையோடு முடியும் வரும், சில நேரம் தோலும் வரும். அடுத்த நாள் நீங்கள் கையை நீட்டினாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரிலோ மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனிலோ காஸ் துணியை நனைத்து, பீளையின் மேல் ஒரு நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள். ஒரு நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. அது ஊறி இளகிய பிறகு, கண்ணிலிருந்து விலகும் திசையில், முடி படியும் போக்கில் துடையுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பேன் சீப்பால் வாரி எடுக்கலாம். சீப்பின் பல் கண்ணை நோக்கி இருக்கக்கூடாது. ஒரு கண்ணுக்கு ஒரு துணி. பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணுக்குள் தங்கிவிடும்.

ஈரத்தோடு விட்டுவிடுவது

கடலூர், புதுச்சேரிக் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குக் கீழே ஈரம் நின்றால் முகமடிப்பில் ஈஸ்ட் பூஞ்சை வளர்ந்து புளித்த வாடை வரும். துடைத்த பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

பழுப்புக் கறையோடு போராடுவது

வெள்ளை நாய்களின் கண்ணுக்குக் கீழே தெரியும் செம்பழுப்புக் கறை பெரும்பாலும் அழுக்கு அல்ல. கண்ணீரில் போர்ஃபைரின் என்ற நிறமி இருக்கிறது; முடியில் வழிந்து வெயில் பட்டதும் அது கருக்கிறது. ஏறிய கறை தேய்த்தால் போகாது, அந்த முடி வளர்ந்து வெட்டுப்பட வேண்டும். இதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு துளி உள்ளே போனாலும் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலம், புண்ணாகலாம். உணவில் கலந்து கொடுக்கும் கறை நீக்கும் பொடிகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்கை அனுமதியின்றிக் கலந்திருந்ததால், 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய்

வேண்டாம்.

மிச்சம் இருந்த சொட்டு மருந்து

என் அப்பு பக் இனம். நான்கு வயது. ஒரு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலில் புரண்டுவிட்டு வந்தவனுக்கு இரவில் வலது கண்ணில் நீர் கொட்டியது. பக், ஷிட்ஸூ போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. கண் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், மணலும் தூசும் முதலில் அங்கேதான் படும். எனக்கு அது அப்போது தெரியாது. அலமாரியில் மெட்ராஸ் ஐக்கு வாங்கிய மருந்து பாதி இருந்தது. மருந்துக் கடையில் கேட்டேன். "மனிதனுக்கே விடுவது, நாய்க்கு விடக் கூடாதா?" என்றார்கள்.

இரண்டாம் நாள் சிவப்பு குறைந்தது. கண்ணையும் கொஞ்சம் திறந்தான். மருந்து வேலை செய்கிறது என்று நம்பி வேளை தவறாமல் விட்டேன், பீளையை ஒரு துளிகூட நிற்கவிடாமல் துடைத்தேன். ஐந்தாம் நாள் கருவிழியின் நடுவே நீலம் கலந்த வெண்மையாக ஒரு புள்ளி. ஏழாம் நாள் காலையில் அந்த இடம் ஜெல்லிபோல் கொழகொழவென்று இருந்தது. அவனை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினேன், குரும்பாபேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு.

மருத்துவர் ஃப்ளூரெசின் என்ற சாயம் ஏற்றிய ஆரஞ்சு நிறத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் புண் இருந்தால் சாயம் அங்கே ஒட்டிப் பச்சையாக ஒளிரும். அப்புவுக்குப் பாதிக் கண் பச்சையாக இருந்தது. பிறகு என் மருந்துப் பாட்டிலை வாங்கிப் படித்தார். மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கின் பெயருக்குக் கீழே டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு.

நாயின் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன்தான். மேல் அடுக்கில் மட்டும் கீறல் என்றால், உரிய மருந்து விட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் புதுத் தோல் மூடிவிடும். ஸ்டீராய்டு அந்தப் புதுத் தோலை வளரவிடாது. கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கு வழிவிடும். இவ்வளவையும் செய்துகொண்டே சிவப்பையும் வீக்கத்தையும் வற்றவைக்கும். நான் குணம் என்று நினைத்த இரண்டாம் நாள்தான் புண் ஆழமாக இறங்கத் தொடங்கிய நாள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அப்பு அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தான். கடைசிவரை வலது பக்கக் கதவில் இடித்துக்கொண்டான்.

மனிதருக்கான சொட்டு மருந்து எல்லாமே நாய்க்கு நஞ்சு என்று நான் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர்களே சிலவற்றை எழுதித் தருகிறார்கள், ஆனால் சாயம் வைத்துப் பார்த்த பிறகு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தோலோன் இவற்றில் எந்தப் பெயர் பாட்டிலில் இருந்தாலும் நீங்களாக விடாதீர்கள். ஸ்டீராய்டு இல்லாத மருந்தாக இருந்தாலும், திறந்து நான்கு வாரம் கடந்த பாட்டில் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பெண்ணை முடி வெட்டாமலே மருத்துவரிடம் அனுப்பினேன். மாலையில் போன் செய்தாள். பச்சை ஒட்டியதாம், மேலோட்டமான கீறல்தானாம். அவள் மருந்து விட்டது ஒரே ஒரு வேளை.

துடைத்துச் சுத்தமாக்கி மருத்துவரிடம் போவது

மருத்துவர் பார்க்க வேண்டியதே அந்தப் பீளையைத்தான். அப்படியே கொண்டுபோங்கள்.

எல்லாப் பீளையும் ஒன்றென்று எண்ணுவது

இரண்டு கண்ணிலும் குட்டியிலிருந்தே தெளிந்த நீர் வழிந்தால் முக அமைப்போ கண்ணீர்க் குழாய் அடைப்போ காரணமாக இருக்கலாம், அவசரமில்லை. ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று வந்து, நாய் கண்ணை மூடிக்கொண்டால் அன்றைக்கே மருத்துவர். தடுப்பூசி போடாத குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சேர்ந்து ஒழுகினால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

வயதான நாயின் கண்ணில் பசைபோல் நூலாக இழுபடும் பீளை தினமும் வந்தால், கண்ணீர் சுரப்பது குறைந்திருக்கலாம். கண் வறண்டால் பீளை கூடும் என்பதை முதலில் கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. கண்ணிமைக்குள் ஒரு தாள் பட்டையை வைத்து ஒரு நிமிடம் சோதிப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி. மிகவும் குறைந்தால் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து தருவார்கள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க விட வேண்டியிருக்கும். மருந்து விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தால் கருவிழி கறுத்துப் பார்வை போய்விடலாம்.

கண்ணோர முடியை வீட்டுக் கத்திரியால் வெட்டுவது

முனை மழுங்கிய கத்திரி, தாடையைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர், நாய் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வெட்டாதீர்கள்.