பேடில் துண்டு போட்டுவிட்டுப் போன கமாண்டர்: எலீட் டேஞ்சரஸில் டாக்கிங் கிடைக்காவிட்டால்

விண்கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டான எலீட் டேஞ்சரஸில், ஹட்டன் ஆர்பிட்டல் என்ற விண்வெளி ஸ்டேஷனுக்கு ஒரு தடவையாவது போகாதவன் எலீட் ஆடினேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நண்பன் ஏற்றிவிட்டான். நானும் கிளம்பினேன். ஆல்ஃபா சென்டாரி சிஸ்டத்தில் (நட்சத்திர மண்டலம்) நாம் குதித்து இறங்கும் இடத்திலிருந்து அந்த ஸ்டேஷன் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. என் கப்பலில் இருந்த பழைய டிரைவுக்கு (இன்ஜின்) சூப்பர்குரூஸில், அதாவது ஒளியை மிஞ்சிப் பறக்கும் வேகத்தில், ஒன்றரை மணி நேரம். இரவுச் சாப்பாடு முடித்து, பாத்திரம் தேய்த்து, அம்மாவோடு போன் பேசி, அரைப் படமும் பார்த்த பிறகுதான் 7.5 கிலோமீட்டருக்குள் வந்தேன். டாக்கிங், அதாவது ஸ்டேஷனில் இறங்க அனுமதி, கேட்டேன். மறுத்துவிட்டார்கள். கப்பல் இறங்கும் மேடை, அதாவது பேட், காலி இல்லையாம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். பைத்தான் வகைக் கப்பல் ஒன்று. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, கப்பல் அசையவில்லை. சாட்டில் வணக்கம் வைத்தேன், கொஞ்சம் பேடுக்குக் கீழே இருக்கும் ஹேங்கருக்குள் (கப்பல் நிறுத்துமிடம்) இறங்க முடியுமா என்று கேட்டேன். பதிலே இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் மாதிரி, ஆள் கணினியை விட்டு எழுந்து போய்விட்டார். நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் வரவே இல்லை.

இதற்கு ஐந்து நிமிட வேலையில் தீர்வு இருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த நாற்பது நிமிடம் உங்களுக்கும் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இடது பேனலைத் திறப்பது, கான்டாக்ட்ஸில் போய் டாக்கிங் கேட்பது இதெல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதற்காக மறுத்தார்கள் என்று படியுங்கள்

மறுப்பு வந்தவுடன் பாதிப் பேர் அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். வலது மேல் மூலையில் காரணம் வரும், இரண்டு வினாடியில் மறைந்தும் போகும். தூரம் அதிகம் என்றால் 7.5 கிலோமீட்டருக்குள் வாருங்கள். கப்பல் பெரிது என்றால் கெஞ்சிப் பயனில்லை: அவுட்போஸ்ட் வகைச் சிறிய ஸ்டேஷன்களில் (ஹட்டனும் அதில் ஒன்று) பெரிய பேட் கிடையவே கிடையாது. அனகோண்டா, டைப்-9, கட்டர் போன்ற பெரிய கப்பல்கள் எல்லாம் திரும்பிப் போக வேண்டியதுதான். டைப்-7ஐப் பார்த்தால் நடுத்தரக் கப்பல் போலத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் பெரிய பேடுதான் வேண்டும். அதை வாங்கி ஏமாந்தவர்கள் சங்கத்தில் நானும் உறுப்பினர்.

ஹட்டனில் இலவச அனகோண்டா தருகிறார்கள் என்று புதியவர்களை அனுப்பிவைப்பது இந்த விளையாட்டின் பழைய குறும்பு. போகிறவருக்கு அனகோண்டா கிடைக்காது. கிடைத்தாலும் அங்கே நிறுத்த இடம் இருக்காது.

பேட் காலி இல்லை என்ற காரணம் வந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 2: உட்கார்ந்திருப்பது மனிதரா, கம்ப்யூட்டரா?

ரேடாரைப் பாருங்கள். உள்ளே நிரம்பிய குறி என்றால் விளையாட்டே ஓட்டும் கப்பல். வெறும் கோடாக, நடுவில் ஓட்டையாக இருந்தால் உங்களைப் போல் ஒரு கமாண்டர், அதாவது விளையாடும் மனிதர். கம்ப்யூட்டர் கப்பல் என்றால் பொறுங்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே கிளம்பிவிடும். மனிதர் என்றால் சாட்டில் ஒரு வரி போடுங்கள். இரண்டு நிமிடம் பார்த்துப் பதில் இல்லையென்றால் அடுத்த படி. இடித்துத் தள்ளலாம், சுட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை எல்லாம் வேண்டாம். ஸ்டேஷன் துப்பாக்கிகள் திரும்புவது உங்கள் பக்கம்தான்.

படி 3: வெளியே போய் சோலோவில் வாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எலீட்டில் ஓப்பன் (எல்லோரோடும்), பிரைவேட் குரூப் (குழுவினரோடு மட்டும்), சோலோ (தனியாக) என்று மூன்று முறைகள். மூன்றும் வேறு வேறு உலகங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கல்யாண மண்டபம் ஒன்று, சமையல் ஒன்று, பந்திதான் வேறு. சந்தை விலை, உங்கள் பணம், சரக்கு, மிஷன் எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். யார் பக்கத்து இலையில் உட்காருகிறார் என்பது மட்டும் மாறும். சோலோவில் உங்கள் பந்தியில் வேறு மனிதரே இல்லை, அதனால் அந்தப் பைத்தானும் இல்லை.

செய்ய வேண்டியது: சூப்பர்குரூஸிலிருந்து இறங்கி ஸ்டேஷன் பக்கத்திலேயே நில்லுங்கள். மெனு, மெயின் மெனுவுக்கு வெளியேறு. கப்பல் ஆபத்தில் இருப்பதாக விளையாட்டு நினைத்தால் 15 வினாடி எண்ணும், எண்ணி முடிக்கட்டும். ஆல்ட் எஃப்4 அடித்துப் பிடுங்காதீர்கள். சண்டைக்கு நடுவில் அப்படி மறைகிறவர்களுக்கு இந்தச் சமூகத்தில் நல்ல பெயர் இல்லை, அந்தப் பழக்கம் உங்களுக்கும் வேண்டாம்.

ஒன்றரை மணி நேரப் பயணம் வீணாகிவிடுமோ என்று பயந்துதான் நான் அன்றைக்கு வெளியேறவே இல்லை. ஆகாது. திரும்ப வரும்போது அதே ஸ்டேஷன் பக்கத்திலேயே, அதே சரக்கோடு நிற்பீர்கள்.

அடுத்த நாள் தைரியம் வந்து வெளியேறினேன். உள்ளே வந்தேன். அதே மாதிரி பேட் காலி இல்லை! வேறொரு கமாண்டர், வேறொரு கப்பல். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் மறுப்பு. விளையாட்டே பழுது என்று முடிவு கட்டி, திட்டி ஒரு பதிவுகூட எழுத ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் உறைத்தது: மெயின் மெனுவில் முதலில் கண்ணில் படும் 'கன்டினியூ' பட்டன், கடைசியாக ஆடிய முறையிலேயே உள்ளே விடும். நான் கடைசியாக ஆடியது ஓப்பன். கை பழக்கத்தில் அதையே தட்டி, எழுந்த பந்தியிலேயே திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கன்டினியூவைத் தொடாதீர்கள். விளையாட்டைத் தொடங்கும் மற்ற பட்டனுக்குள் போய், சோலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வந்ததும் பழைய அனுமதி எதுவும் செல்லாது. புதிதாக டாக்கிங் கேளுங்கள். கிடைத்த பிறகு இறங்க 10 நிமிடம் உண்டு. அதற்குள் இறங்காமல் சுற்றினால் அனுமதி போய்விடும், போன பிறகும் பேட் பக்கம் நின்றால் சுடுவார்கள்.

இறங்கி, வேலையை முடித்த பிறகு ஓப்பனுக்குத் திரும்பிப் போகலாம். சோலோவில் ஆடுவது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதை மெனுவில் வைத்ததே விளையாட்டைத் தயாரித்த ஃப்ரன்டியர்தான்.

படி 4: அடுத்த தடவை இந்தச் சிக்கலுக்கே போகாமல் இருக்க

கிளம்பும் முன் இனாரா என்ற இணையதளத்தில் ஸ்டேஷனைத் தேடி பேட் அளவைப் பார்த்துவிடுங்கள். விளையாட்டுக்குள் இருக்கும் சிஸ்டம் மேப்பிலும் பார்க்கலாம், ஆனால் தேடுவதற்கு இனாரா அளவுக்கு அது வசதி இல்லை. சரக்கு ஓட்டுகிறவர்கள் 'பெரிய பேட் மட்டும்' என்ற வடிகட்டியை எப்போதும் போட்டு வையுங்கள். கப்பல் சிறிதாக இருந்தாலும் போடுங்கள். பெரிய பேட் உள்ள ஸ்டேஷன் என்றாலே அவுட்போஸ்ட் இல்லை, மொத்த பேடும் பெரும்பாலும் அதிகம், ஒருவர் தூங்கினாலும் உங்களுக்கு இடம் இருக்கும்.

அவுட்போஸ்ட்டுக்குத்தான் போயாக வேண்டும் என்றால் டைப்-8 எடுங்கள். நடுத்தர பேடில் இறங்கும், கிட்டத்தட்ட 400 டன் ஏற்றும். பைத்தானை நான் விற்றுவிட்டேன், வருத்தம் இல்லை.

கப்பலைத் தானே இறக்கிவைக்கும் டாக்கிங் கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்பீர்கள். பெரிய ஸ்டேஷன்களில் கட்டாயம் வையுங்கள். ஆனால் அது உங்களுக்காக அனுமதி கேட்காது, மறுத்தால் திரும்ப முயலாது. கேட்டுவிட்டு, மறுப்பு வந்ததைப் பார்க்காமல் பாத்ரூம் போய் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அவுட்போஸ்ட்டில் பேடெல்லாம் வெளியே திறந்தவெளியில்தான், அங்கே கையாலேயே இறக்குவது எனக்கு வேகம்.

தூங்குகிற ஆளை பிளாக் செய்தால் போதாதா என்றால், செய்யலாம். பிளாக் செய்தவரோடு ஒரே பந்தியில் உட்கார வைப்பதை விளையாட்டு முடிந்தவரை தவிர்க்கும். ஆனால் ஒருவர் போனால் அடுத்தவர் வருவார், பட்டியல்தான் நீளும். டீ குடிக்கப் போனவரை எதிரியாக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே அந்த ஆளாக இருந்தால்? இறங்கியவுடன் 'ஹேங்கருக்குள் செல்' என்பதைத் தட்டுங்கள். கப்பல் கீழே இறங்கும், பேட் அடுத்தவருக்கு விடுபடும். அதன் பிறகு சாப்பிடப் போங்கள், தூங்கப் போங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். இதை நான் அதுவரை ஒரு நாளும் செய்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் என் கப்பலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்களோ.

பிற்சேர்க்கை 1: ஒருவர் ஒடிஸி (கோள்களில் இறங்கி நடக்கவிடும் விரிவாக்கம்) செட்டில்மென்ட் பற்றிக் கேட்டிருந்தார். சின்னச் சின்ன குடியிருப்புகள், சிலவற்றில் ஒரே ஒரு பேட். அதில் இன்னொருவர் கப்பலை விட்டுவிட்டு நடந்து திரிகிறார். சோலோ வழி இதற்கும் வேலை செய்யும். ஆனால் கால்நடையாக முடிக்கும் மிஷன்தான் என்றால் பேடே வேண்டாம்: குடியிருப்புக்கு வெளியே சமதளமாக ஓர் இடம் பார்த்து இறக்கி, நடந்து போங்கள். நீலமாக ஒளிரும் தரை கிடைக்கும் வரை கப்பலை மெல்லத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதல் தடவை எனக்குப் பாறைகள்தான் கிடைத்தன.

பிற்சேர்க்கை 2: கேரியர் (மற்ற கப்பல்களைச் சுமந்து குதிக்கும் பிரம்மாண்டக் கப்பல்) வைத்திருக்கும் நண்பர் சண்டைக்கே வந்துவிட்டார், 'பேட் பிரச்சினையெல்லாம் ஒரு பிரச்சினையா, நிறுத்த சிஸ்டமே கிடைக்கவில்லை' என்று. நியாயம்தான். 2020 ஜூனில் வந்த ஃப்ளீட் கேரியரின் விலை 500 கோடி கிரெடிட், உள்ளே 16 பேட். ஒரு கோளைச் சுற்றி 16 கேரியர்தான் நிற்க முடியும். கூட்டமான சிஸ்டங்களில் பாதி கேரியர்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வாரச் செலவுக்கு கஜானாவில் பணம் இருக்கும் வரை அவற்றை யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள். இதற்கு சோலோவும் உதவாது, கேரியர்கள் எல்லாப் பந்திக்கும் பொது. சிஸ்டத்தின் பெயரை மட்டும் கொடுத்துக் குதிக்கப் பார்க்காமல், சிஸ்டம் மேப்பைத் திறந்து யாரும் சீந்தாத கடைசிக் கோள் எதையாவது தேர்ந்தெடுங்கள். அதுவும் நிரம்பியிருந்தால் பக்கத்து சிஸ்டம். கேரியர் குதிக்க எப்படியும் 15 நிமிடமாவது ஆகும் என்பதால், முதலில் சின்னக் கப்பலில் போய் நிலவரம் பார்த்து வருவது நல்லது.

பிற்சேர்க்கை 3: 2024இல் வந்த, சூப்பர்குரூஸில் வேகத்தைக் கூட்டும் எஸ்.சி.ஓ. டிரைவைப் போட்டால் ஹட்டன் பயணம் வெகுவாகக் குறையும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மை. ஆனால் அது எரிபொருளைக் குடிக்கிற வேகத்தில், சின்ன டேங்க் வைத்திருந்தால் வழியிலேயே மிதப்பீர்கள். நான் இன்னும் பழைய டிரைவில்தான் போகிறேன். போன வாரம் ஹட்டனில் விற்கும் ஹட்டன் மக் (கோப்பை) வாங்கினேன். சோலோவில்தான்.